மிலேவா காட்டிய நாடு

1

ஓகஸ்ட் மாதத்து முதல் திங்கட்கிழமை மாலை ஆறு மணி வரை பார்த்தேன். மிலேவாவிடமிருந்து அழைப்பு வரவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு மிலேவா யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒஸ்லோவின் கிழக்குப் புறத்தில், நான் இருக்கும் புருசெத்திலிருந்து மூன்று தரிப்பிடம் தள்ளி ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அதன் சமையலறையில் நானும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அதுவும் ஓர் ஓகஸ்ட் மாதத்து முதல் திங்கள். எனக்கு முப்பது வயது ஆகவில்லை. அவருக்கு நாற்பது கடந்திருந்தது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து கணவரிடம் வந்து சேர்ந்தவள். அவர் மொண்டெனேகுறோ என்ற சின்ன நாட்டிலிருந்து, இங்கே இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்த தன் கணவரிடம் வந்து சேர்ந்தவர். என்னிடம் தமிழும் பள்ளிக்கூடத்து ஆங்கிலமும் இருந்தன. அவரிடம் அவருடைய மொழி மட்டும். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை நொர்ஸ்க், அதாவது நோர்வே மொழி. அதை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடங்கள் கதைத்தோம்.

நான் விட்ட பிழைகளில் ஒன்று அந்தச் சமையலறையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நொர்ஸ்க்கில் மருத்துவருக்கு 'லேகெ' என்பார்கள். விளையாடுவதற்கும் 'லேகெ' என்பார்கள். நடுவில் வரும் எழுத்தை ஒன்றில் மெதுவாகவும் மற்றதில் அழுத்தியும் சொல்ல வேண்டும். எங்கள் நெடுங்கணக்கில் இரண்டுக்கும் ஒரே 'க'தான். என் நாக்குக்கும் அப்படித்தான். ஒருநாள் காய்ச்சலோடு பொறுப்பாளரிடம் போய், எனக்கு உடம்பு சரியில்லை, மத்தியானம் விளையாடப் போக வேண்டும் என்று அனுமதி கேட்டேன். அவர் விழித்தார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மிலேவா சிரித்த சிரிப்பில் கத்தி நழுவிக் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு எங்களில் யார் மருத்துவரிடம் போனாலும் விளையாடப் போகிறேன் என்றுதான் சொல்வோம். என் கணவரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகக் கொண்டு திரிந்த கடைசி மாதங்களில், இன்றைக்கும் விளையாட்டா என்று மிலேவா கேட்பார். வேறு யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

கணவர் போய் எட்டு வருடம். அதற்கு அடுத்த வருடம் மிலேவா ஓய்வு பெற்றார். அவருடைய கணவர் முன்னமே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தம்பி குடும்பத்தோடு இருக்கப் போகிறேன் என்று ஊருக்குத் திரும்பினார். போகும்போது என்னிடம் ஒரு வாக்கு வாங்கினார்: ஒருமுறை வர வேண்டும், என் நாட்டை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நானே உனக்குக் காட்டுவேன். ஒவ்வொரு வருடமும் நாங்கள் வேலைக்குச் சேர்ந்த அந்தத் திங்கட்கிழமையில் கூப்பிடுவார். எப்போது வருகிறாய் என்பார். அடுத்த வருடம் என்பேன்.

இந்த முறை நானே எடுத்தேன். ஓர் இளம் பெண் குரல் ஆங்கிலத்தில் பேசியது. பெயர் யெலேனா, மிலேவாவின் தம்பி மகள். மாமிக்கு மே மாதம் பக்கவாதம் வந்தது, இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார், கதைக்கிறார் என்றாள். அப்படியென்றால் ஒரு நிமிடம் அவரிடம் கொடுங்கள் என்றேன்.

யெலேனா தொலைபேசியைக் கொடுக்கவில்லை.

"மாமியிடம் இப்போது நோர்வே மொழி இல்லை" என்றாள். வீட்டில் பால் இல்லை என்பது போலச் சொன்னாள்.

2

நான் இதைப் புதிதாகக் கேள்விப்படவில்லை. எங்கள் இல்லத்தில் ஹங்கேரியிலிருந்து வந்த முதியவர் ஒருவர் இருந்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்தவர். ஒரு நாள் அவருடைய நொர்ஸ்க் போய்விட்டது. எதையோ கேட்டுக் கூப்பிடுவார். தாதிகள் தண்ணீர், போர்வை, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் களைத்து, கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார். பிறகு வந்த மொழிதான் முதலில் போகும் என்று அப்போது அங்கே வேலை செய்த ஒருவர் சொன்னார். நான் தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டு கேட்டேன். அது என்னைப் பற்றிய பேச்சாகவும் இருக்கலாம் என்று அன்று நினைக்கவில்லை.

போய் வருவது என்று முடிவு செய்தேன். பக்கத்து மாடிக் கட்டடத்தில் இருக்கும் பவானிக்கு நம்ப முடியவில்லை.

"கலியாணமும் இல்லை, செத்தவீடும் இல்லை. அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுறீர். பிறகு என்னத்துக்குத் தனியப் போறீர்?"

அவ கேட்டதில் பிழை இல்லை. நாங்கள் பயணம் போகிற சனம்தான். ரொறன்ரோவுக்குக் கலியாணம், லண்டனுக்குச் சாமத்தியவீடு, தமிழ்நாட்டுக்குக் கோயில். எங்கே இறங்கினாலும் வெளியில் ஒரு வான் நிற்கும். வானுக்குள் யாரோ கட்டிக்கொண்டு வந்த இடியப்பம் இருக்கும். இடம் பார்ப்பதற்காக ஓர் இடத்துக்குப் போவது எங்கள் வழக்கத்தில் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஐரோப்பாவில் இருந்தும், எனக்கு யாரையும் தெரியாத ஊர் ஒன்றில் நான் இறங்கியதில்லை, முதன்முதல் ஒஸ்லோவில் இறங்கியதைத் தவிர.

மகள் துர்க்காவையும் கூப்பிட்டுப் பார்த்தேன். அவளுக்கு முப்பது வயது. நகரின் நடுவில், தன் நண்பனோடு ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவளுக்கு லீவு முடிந்துவிட்டதாம். ஆனால் சாப்பிட்டு முடிப்பதற்குள் தன் தொலைபேசியிலேயே எனக்கு ரிக்கற் எடுத்து, காப்புறுதி போட்டு, வியன்னாவில் எந்த வாசலில் மாற வேண்டும் என்று படமும் அனுப்பிவிட்டாள். எல்லாம் நொர்ஸ்க்கில்தான். நாங்கள் இருவரும் நொர்ஸ்க்கில்தான் கதைப்போம். அவள் வேகமாக, நான் மெதுவாக. அவளுக்குத் தமிழ், சாப்பாட்டு மேசையோடு முடிந்துவிடும்.

பிள்ளைக்கு விருப்பமில்லை, நான் என்ன செய்ய என்று ஊரவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். இங்கே கனபேர் அப்படித்தான் சொல்கிறோம், ஆகவே யாரும் மேலே கேட்பதில்லை.

3

செப்டெம்பர் கடைசியில் போனேன். பொட்கொறிட்சா அந்த நாட்டின் தலைநகரம். விமான நிலையம் எங்கள் புருசெத் கடைத்தொகுதியை விடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரிந்தது. கடவுச்சீட்டு பார்த்த அதிகாரி, நோர்வே அட்டையையும் அதற்குள் இருந்த பிறந்த நாட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரூறிஸ்ற்?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். முதன்முதல் ஒஸ்லோவில் வந்து இறங்கிய நாளில் அதிகாரியிடம் சொல்வதற்காக ஒரே ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னேன். இன்றைக்கு உல்லாசப் பயணி என்று தலையாட்டினேன், அது பொய் போல இருந்தது.

யெலேனா காரோடு வந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், துர்க்காவைப் போலவே வேகமாக நடக்கிறாள். அவர்களுடைய ஊர் விர்பசார், ஸ்கடார் என்ற பெரிய ஏரியின் கரையில் ஒரு சின்னக் கிராமம். ஒரு கல்லுப் பாலம், பத்துப் பன்னிரண்டு படகுகள், சுற்றுலாக்காரருக்கு மீன் பொரிக்கும் இரண்டு மூன்று சாப்பாட்டுக் கடைகள். அந்த நாட்டின் பெயருக்குத் தங்கள் மொழியில் கறுப்பு மலை என்று பொருள் என்றாள் யெலேனா. முழு நாட்டிலும் யாழ்ப்பாண மாவட்டத்துச் சனம் அளவுதான் இருக்கும் என்று நான் சொன்னபோது, அப்படியென்றால் உங்கள் யாழ்ப்பாணம் பெரிய இடம் போல என்றாள். நான் திருத்தவில்லை.

மிலேவா வாசலில் நின்றார். வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் விரிந்து, "சந்தா" என்றார். வசந்தா என்ற பெயரை அவர் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. ஒற்றைக் கையால் என் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டார். கனநேரம் விடவில்லை. என்னை அவருக்குத் தெரிந்திருக்கிறது, அது போதும், மற்றதெல்லாம் மருத்துவர்கள் மிகைப்படுத்திச் சொல்வது என்று எனக்குள் ஒரு தைரியம் வந்தது.

உள்ளே போய் இருந்ததும், வியன்னாவிலிருந்து நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்ததை நொர்ஸ்க்கில் கேட்டேன். எனக்குச் சொல்லாமல் விளையாடப் போனீர்களா?

மிலேவா என்னைப் பார்த்தார். புதிதாக வந்த விருந்தாளியைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தார். திரும்பவும் சொன்னேன், 'லேகெ' என்பதை அந்தப் பழைய பிழையோடேயே. அவர் சிரமப்பட்டு என் வாயைக் கவனித்தார். பிறகு யெலேனா பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அவள் மொழிபெயர்க்காமலே எனக்கு விளங்கியது. இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கிறார்.

அந்தப் பகிடி இனி உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். கோப்பி வந்தது. குடித்தேன்.

4

அடுத்த நாள் காலை மிலேவா உடுத்துக்கொண்டு, தலையில் நீலத் துணி கட்டி, காருக்குப் பக்கத்தில் நின்றார். வாக்கை அவர் மறக்கவில்லை. யெலேனா விருந்தினர் விடுதி ஒன்றில் வேலை செய்கிறாள். எனக்காக நாலு நாள் லீவு எடுத்திருந்தாள்.

மலையைக் குடைந்த சுரங்கப் பாதையால் கடற்கரைக்கு இறங்கி, கரையோடேயே கொற்றோர் என்ற பழைய நகரத்துக்குப் போனோம். கடல் மலைகளுக்குள்ளே வளைந்து வளைந்து உட்புகுந்திருக்கிறது. நோர்வேயின் ஃபியோர்ட் போலவே இருக்கும், ஆனால் வெயில், அத்திமரம், மாதுளை. மதில் சூழ்ந்த நகரத்துக்குள் கார் போகாது. பளிங்கு போலத் தேய்ந்த கல்லுத் தெருக்கள். எங்கே பார்த்தாலும் பூனைகள், கோயில் படியிலும் கடை மேசையிலும். மிலேவா ஒவ்வொரு வாசலிலும் நின்று, இடது கையை நீட்டிக் காட்டி, தன் மொழியில் நீளமாக விளக்கினார். முதலில் யெலேனா ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் அவள் குறுக்கே பேசும்போதெல்லாம் மிலேவா நிறுத்தி, அவள் முடித்ததும் இன்னும் உரத்துத் தொடர்ந்தார். கடைசியில் யெலேனா தோள்களைக் குலுக்கிவிட்டுப் பின்னால் வந்தாள். மிலேவா எனக்கு நாட்டைக் காட்டினார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனேன். அவர் இவ்வளவு சரளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சமையலறையில் எங்கள் இருவருடைய நொர்ஸ்க்கும் நொண்டி நொண்டித்தான் வரும். தன் மொழியில் மிலேவா கதைசொல்லி; குரலை ஏற்றுகிறார், இறக்குகிறார், நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறார். இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் நின்றும் இந்த மனுசியை எனக்குத் தெரியாதிருந்திருக்கிறது.

நகரத்துக்குப் பின்னால் மதில் மலையில் ஏறிப் போகிறது, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். மிலேவா பன்னிரண்டு படி ஏறி உட்கார்ந்துவிட்டார். என்னைப் போ போ என்று கையால் விரட்டினார். பாதி வழியில் இருக்கும் சின்னத் தேவாலயம் வரை ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் கடலும் ஒன்றாகத் தெரிகின்றன. படியடியில் நீலத் துணி ஒரு பொட்டாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் நொர்ஸ்க்கில் கதைத்துக்கொண்டு நின்றார்கள். ஊராளைக் கண்டது போல என் மனம் துள்ளியது. அது எனக்கே ஆச்சரியம். போய், நானும் ஒஸ்லோதான், புருசெத் என்று நொர்ஸ்க்கில் சொன்னேன். நல்ல மனிதர்கள், சிரித்தார்கள். பதிலை ஆங்கிலத்தில் சொன்னார்கள். அவர்களைப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

அங்கிருந்து பெறாஸ்ற் என்ற ஊர். கரைக்கு எதிரே தண்ணீருக்குள் ஒரு சின்னத் தீவு, அதில் மாதாவின் ஆலயம். அந்தத் தீவே மனிதர் போட்டது. மாலுமிகள் கல்லுக் கல்லாகக் கொண்டுபோய்ப் போட்டு எழுப்பினார்களாம். உள்ளே ஒரு பூவேலைத் துணி கண்ணாடிக்குள் இருக்கிறது. கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருந்த ஒரு பெண், வருடக்கணக்காகத் தைத்தது. பட்டு நூலோடு தன் தலைமயிரையும் சேர்த்துத் தைத்திருக்கிறாள். தொடக்கத்தில் கறுப்பாக இருக்கும் மயிர், முடிக்கும் பக்கத்தில் வெள்ளையாகிவிடுகிறது. அதைப் பற்றி மிலேவா வெகுநேரம் சொன்னார். பிறகு என் நெற்றியோரத்து நரையைத் தொட்டு, தன் நரையையும் தொட்டுவிட்டு வெளியே போனார்.

5

மூன்றாம் நாள் மழை. யெலேனா தயங்கித் தயங்கி ஒரு மேசை லாச்சியைத் திறந்தாள். நோர்வேயிலிருந்து வந்த கடிதங்கள். மாமிக்கு இப்போது வாசிக்கத் தெரியாது, தொலைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால் தலையும் இல்லை காலும் இல்லை, நீங்கள் பார்ப்பீர்களா என்றாள்.

பெரும்பாலும் வழமையான அறிவித்தல்கள். ஒன்று மட்டும் அவசரமானது. வெளிநாட்டில் இருக்கும் ஓய்வூதியக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருடத்துக்கு ஒருமுறை அத்தாட்சி அனுப்ப வேண்டும். படிவம் ஒரு பக்கம்தான். கையெழுத்து, திகதி, உள்ளூர் அதிகாரியின் முத்திரை. அனுப்பும் கடைசித் திகதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

இப்படியான கடிதங்களைப் படிப்பதில் நான் கெட்டிக்காரி. என் கணவர் போனபின் அவர் இறந்துவிட்டார் என்று எத்தனை அலுவலகத்துக்கு எழுதியிருப்பேன். ஒருவர் இருக்கிறார் என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. மேசையில் மிலேவாவுக்குப் பக்கத்தில் இருந்து நிரப்பினேன். இடது கையால் அவர் கையெழுத்துப் போட்டார். குழந்தைப்பிள்ளை எழுத்து. அதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்திரைக்கு பார் என்ற நகரத்து அலுவலகத்துக்குப் போனோம். அலுவலகப் பெண் மிலேவாவின் பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டாள். மிலேவா நிமிர்ந்து நின்று சொன்னார். முத்திரை குத்தியபின் அந்தப் பெண் என்னைக் காட்டி ஏதோ கேட்க, மிலேவா ஒரு சொல் சொன்னார். அலுவலகம் முழுக்கச் சிரித்தது. என்னவென்று யெலேனாவைக் கேட்டேன்.

"உங்களைத் தன்னுடைய மொழிபெயர்ப்பாளர் என்கிறார்."

நானும் சிரித்தேன். காருக்குப் போகும் வழியில் மிலேவா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பகிடி போகவில்லை, அந்தப் பகிடி மட்டும்தான் போயிருக்கிறது.

6

கடைசி நாள் ஏரி. யெலேனாவின் தகப்பன் தன் படகைத் தந்தார். யெலேனாவே பின்னால் இருந்து ஓட்டினாள். கரையோரம் முழுக்க அல்லி இலைகள் காய்ந்து பழுப்பாகக் கிடந்தன. நீர்க்காகங்கள் பட்ட மரங்களில் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நிறம் மங்கிப் போயின. கடைசியில் இருப்பது அல்பேனியா என்று யெலேனா காட்டினாள். இடையிடையே தீவுகள், அவற்றில் பழைய துறவி மடங்கள்.

மிலேவாவும் நானும் முன்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவர் வழமை போல விளக்கிக்கொண்டு வந்தார். ஒரு தீவைத் தாண்டியபின் அவர் பேச்சு ஓய்ந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நொர்ஸ்க்கில் சொன்னால் அவர் முகம் சோர்ந்துவிடும். ஆங்கிலம் அவருக்கு எப்போதுமே தெரியாது. எதில் சொன்னாலும் ஒன்றுதான் என்று தோன்றியபோது வாயில் தமிழ் வந்தது.

"மிலேவா அக்கா" என்றேன்.

நொர்ஸ்க்கில் வயதுக்கு மூத்தவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லாத ஒண்டு இருக்கு அக்கா. துர்க்கா தமிழ் கதைக்காததுக்கு அவளிலை பிழையில்லை. நான்தான் நிப்பாட்டினனான்."

பிறகு எல்லாம் வந்தது. துர்க்கா இரண்டரை வயதாகியும் சரியாகப் பேசவில்லை. குழந்தை நல நிலையத்துத் தாதி, கெட்ட எண்ணத்தில் இல்லை, அந்தக் காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்புகிறது, வீட்டில் நொர்ஸ்க் மட்டும் கதையுங்கள் என்றார். என் கணவர் அதைக் கேட்கவே இல்லை. ஆனால் அவர் இரண்டு வேலை செய்தார், வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். நான் கேட்டேன். அன்று மாலையே தொடங்கினேன். எனக்குத் தெரிந்த நொர்ஸ்க் முந்நூறு நானூறு சொல் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பிள்ளை வளர்த்தேன்.

"ஒருநாள் அவள் விளையாடிப்போட்டு ஓடி வந்து, அம்மா தண்ணி எண்டு கேட்டவள். நான் கோப்பையை மேலை தூக்கி வைச்சுக்கொண்டு, நொர்ஸ்க்கிலை 'வன்' எண்டு சொல்லு, சொன்னால்தான் தருவன் எண்டனான். அவள் அழுதவள். நான் குடுக்கேல்லை. பிறகு சொன்னவள். அதுக்குப் பிறகு அவள் என்னட்டைத் தமிழிலை ஒண்டும் கேக்கேல்லை அக்கா."

ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் எங்கள் ஆட்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடங்கியபோது நான் அவளை அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் பின்தங்கிவிடுவாள் என்று பயம். அவளுக்கு விருப்பமில்லை என்று எல்லாருக்கும் சொன்னேன். கணவருக்கும் அப்படியே சொன்னேன். சாகும்வரை அவர் அதை நம்பினார்.

"அந்தரமாக் கிடக்கு அக்கா. எனக்கும் உங்களைப் போலை வந்தா? தண்ணி எண்டு கேட்டா அவளுக்கு விளங்கும். அதுக்கு மேலை ஒண்டும் விளங்காது."

மிலேவா ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. என் வாயையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் தன் மொழியில் மெதுவாகப் பேசினார். நீளமாக. தன் முழங்காலில் என் கையை வைத்துத் தட்டிக்கொண்டே பேசினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் என் வாழ்க்கைக்கு யாரோ தீர்ப்புச் சொல்வது போல, தலை குனிந்து கேட்டேன்.

கரைக்கு வந்தபின் யெலேனாவிடம் கேட்டேன், மாமி கடைசியில் என்ன சொன்னவ என்று. அவள் சிறிது யோசித்தாள். மறைக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

"உங்கள் மேலங்கி மெல்லியது, ஏரிக் காற்று நெஞ்சில் சளி கட்டும் என்றார். பிறகு இந்த வருடம் மீன் குறைவு என்று சொன்னார். தம்பி வலை போடும் இடம் சரியில்லையாம்."

அடுத்த நாள் அதிகாலை கிளம்பினேன். மிலேவா வாசலில் நின்று அழவில்லை. நானும் அழவில்லை. வியன்னாவில் வாசல் தேடி நடக்கும்போது, கூட்டத்துக்கு நடுவில் அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விமான நிலையங்களில் அழுகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை.

7

வந்த மறு ஞாயிற்றுக்கிழமை துர்க்கா வந்தாள். கோழிக் கறியும் சோறும் சாப்பிட்டாள். படங்களைப் பார்த்தாள், பூனைகளைப் பார்த்துச் சிரித்தாள். மிலேவாவை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒரு மொழியும் பொதுவாக இல்லாமல் அத்தனை நாளும் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். படகில் இருந்ததைச் சொன்னேன். நான் தமிழில் கதைத்தேன், அவர் தன் மொழியில் கதைத்தார் என்றேன்.

அப்படி என்ன கதைத்தீர்கள் என்றாள்.

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் அந்தக் கோப்பைத் தண்ணீரைப் பற்றி நொர்ஸ்க்கில் சொன்னேன். நொர்ஸ்க்கில் அது நாலு வசனத்தில் முடிந்துவிட்டது. என் நொர்ஸ்க்கில் எல்லாமே நாலு வசனத்தில் முடிந்துவிடும்.

துர்க்கா கோபப்படுவாள் என்று பார்த்தேன். அந்தச் சம்பவம் அவளுக்கு நினைவில்லையாம். தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னது வேறு. சின்ன வயதில் நான் தொலைபேசியில் ஊரோடு தமிழில் கதைப்பதைத் தன் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாளாம். அந்த அம்மா சிரிப்பாளாம், சத்தம் போடுவாளாம், கதை சொல்வாளாம். தொலைபேசியை வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பியதும், சப்பாத்தைக் கழற்று, கையைக் கழுவு, படுக்கப் போ என்று சொல்லும் வேறொரு அம்மா வந்துவிடுவாளாம். தமிழைப் பிடித்தமான ஆட்களுக்காக நான் ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தாளாம்.

மேசையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தேன்.

படகில் சொன்னதை எனக்கும் அப்படியே சொல்லுங்கள், தமிழில் என்றாள்.

"உனக்கு விளங்காது" என்றேன்.

"மிலேவாவுக்கும் விளங்கேல்லைத்தானே அம்மா." இதை அவள் தமிழில் சொன்னாள். 'விளங்கேல்லை' என்ற சொல்லைத் தேடி எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.

படகில் தானாக வந்தது இங்கே வரவில்லை. கொஞ்சமும் விளங்காத ஒருவரிடம் சொல்வது சுலபம்; பாதி விளங்குகிற பிள்ளையிடம் சொல்வது அப்படியில்லை. என் சொந்த வீட்டில், நான் பெற்ற பிள்ளைக்கு முன்னால், என் சொந்த மொழியில் ஒரு வசனத்தைத் தொடங்க முடியாமல் இருந்தேன். பிறகு எப்படியோ தொடங்கினேன். படகில் சொன்னது போல ஒழுங்காக வரவில்லை. முன்னும் பின்னுமாக வந்தது. அப்பாவைப் பற்றியும் வந்தது, மிலேவாவின் கையெழுத்தைப் பற்றியும் வந்தது, படியடியில் தெரிந்த நீலத் துணியைப் பற்றியும் வந்தது. வெளியே இருட்டத் தொடங்கியது. விளக்குப் போட யாரும் எழும்பவில்லை. துர்க்கா நொர்ஸ்க்கில் ஒரு சொல்லும் பேசாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓய்ந்ததும், ஒரு கேள்வி இருக்கிறது என்றாள்.

"அந்தரம் எண்டா என்ன? கனதரம் சொன்னீங்கள்."

நான் அந்தச் சொல்லை அத்தனை தரம் சொன்னேனா என்று எனக்குத் தெரியாது. நொர்ஸ்க்கில் பயம் என்று சொல்லிப் பார்த்தேன். அது இல்லை என்றேன். அவசரம் என்றேன். தனிமை என்றேன். ஒவ்வொன்றுக்கும் நானே தலையை ஆட்டினேன். வேறொரு சொல்லை எடுத்து வந்து காட்ட எனக்கு நொர்ஸ்க் போதவில்லை.

துர்க்கா அவசரப்படுத்தவில்லை. கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, காத்திருந்தாள்.